எட்டுக்கால் மேசை மேல் அண்ணி

ஆராய்ச்சி செய்ய வந்த பெண் ஒருநாள் எலி அறைக்குள் போய் அழுதுகொண்டிருந்தாள். ஏன் அழுதாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணிக்கும் தெரியாது, அவர் கேட்கவே இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். ‘சோதனை நடக்கிறது, திறக்காதீர்கள்’ என்ற பலகையை எடுத்து மாட்டினார். ஒரு முக்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பத்து நிமிடத்தில் பெரியவர் வந்தார்.

“உள்ள என்ன நடக்குது?”

“எலி காத்திருக்கு சார். பாதி வழியில கதவப் போட்டு நிறுத்தி வச்சிருக்கு. இப்பத் தெறந்தா எல்லாம் கெட்டுப்போயிரும்.”

“எவ்வளவு நேரம் காத்திருப்பு?”

அண்ணி காதைக் கதவுப் பக்கம் சாய்த்தார். உள்ளே மூக்கு சிந்துகிற சத்தம்.

“இன்னும் ஒரு இருவது நிமிஷம் ஆகும் போல சார்.”

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விட்டார். அந்த இருபது நிமிடம் ஏதாவது ஒரு கட்டுரையில் ஏறியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணி வேறு பக்கம் திரும்பி எலித் தீனி அளந்துகொண்டிருந்தார்.

அண்ணி என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. நாத்தனார் என்றால் எப்படியெல்லாம் படுத்துவார்கள் என்று கல்யாணத்துக்கு முன்னால் ஊரே என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தது. கடவுள் என் விஷயத்தில் கொஞ்சம் அசந்திருந்தார் போலிருக்கிறது, நல்லவராகக் கொடுத்துவிட்டார். அந்த ஆராய்ச்சிக் கட்டிடத்தில் முப்பது வருடமாக எலிகளைப் பார்த்துக்கொண்டவர் அண்ணி. எல்லோருக்கும் எலியக்கா. கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். பெரியவர் என்பவர் அங்கே தலைவர். அறை வாசலில் டாக்டர் என்று போட்டிருந்ததை நம்பி, வேலைக்குச் சேர்ந்த அன்றே அவரிடம் என் இடுப்பு வலியைச் சொன்னேன். மனுஷருக்குப் பண்ணிப் பழக்கமில்லை என்று சொல்லி அவர் நகர்ந்துவிட்டார்.

எலி அறையின் நடுவில் ஒரு மேசை இருந்தது. நாங்கள் அதை எட்டுக்கால் மேசை என்போம். உண்மையில் அதற்குக் கால் நாலுதான். நடுவில் ஒரு வட்டப் பலகை, அதிலிருந்து எட்டுப் பக்கமும் நீளமான பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நின்று பார்த்தால் சிலந்திபோல இருக்கும். ஒவ்வொரு பலகையின் கோடியிலும் ஒரு சின்னக் குழி. அண்ணி ஒவ்வொரு குழியிலும் ஒரு தீனி உருண்டை போடுவார். பிறகு ஒரு எலியை நடுவில் விடுவார். எலி ஒரு பலகையில் ஓடித் தின்றுவிட்டு நடுவுக்கு வரும். அடுத்து இன்னொரு பலகை. புத்தியுள்ள எலி எட்டுப் பலகைக்கும் ஒருமுறைதான் போகும். போன பலகைக்கே மறுபடி போனால் அங்கே ஒன்றும் இருக்காது. அது தப்பு. அந்தப் பெண் தாளில் ஒரு கோடு போடுவாள். வாசனை பிடித்து ஏமாற்றக்கூடாது என்று ஒவ்வொரு எலிக்கும் நடுவில் பலகைகளைச் சாராயம் போட்டுத் துடைத்து, மேசையையும் கொஞ்சம் சுற்றிவிடுவார்கள்.

எந்தெந்தப் பலகைக்குப் போனோம் என்று அந்த நேரத்துக்கு மட்டும் எலி மனசில் வைத்திருக்கிறதே, அதற்குப் பெரியவர் வேலை நினைவு என்று பெயர் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு அண்ணிதான் விளக்கினார்.

“அடுப்புல பாத்திரம் இருக்கு. உப்பு போட்டியா?”

“போட்டேன்.”

“அது பாத்திரத்த இறக்குற வரைக்கும் ஞாபகம் இருந்தாப் போதும். நாளைக்குச் சமைக்கும்போதும் இன்னைக்குப் போட்ட உப்பு ஞாபகம் வந்து தொலைச்சா என்ன பண்ணுவ?”

“உப்பே போடாம இறக்கிருவேன்.”

“அவ்வளவுதான். அடுப்பு எங்க இருக்குன்னு என்னைக்கும் தெரியணும். உப்புப் போட்டது இன்னைக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். எலிக்கு ரெண்டும் தனித்தனியா இருக்கு.” பிறகு, “உன் கடவுளுக்கு இந்த ரெண்டாவது மட்டும்தான் இருக்கு போல. நேத்துக் கேட்டத இன்னைக்கும் முதல்லேருந்து கேக்க வேண்டியிருக்குது” என்றார்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது, அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எலிகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது, நம்பர்தான் என்பது சட்டம். அண்ணி சட்டத்தை மதித்து, பெரியவர் இருக்கும்போது மட்டும் நம்பர் சொல்வார். ஏழாம் நம்பர் ஒரே பலகைக்கு மூன்று தடவை போய், கோடியில் நின்று எதற்கு வந்தோம் என்று யோசிக்கும். அதன் பெயர் தம்பி. அதாவது என் வீட்டுக்காரர். வீட்டிலும் அவர் அப்படித்தான் சமையலறையில் வந்து நிற்பார். நாலாம் நம்பர் மூளைக்கு வேலையே கொடுக்காது. முதல் பலகை, அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக ஒரு சுற்று வந்து எட்டையும் காலி செய்துவிடும். அதன் பெயர் தபால்காரர். பெரியவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. நினைவைச் சோதிக்க நாம் இவ்வளவு செலவழித்தால் இது நினைவே இல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறதே என்பது அவர் ஆத்திரம். அதற்காகவே நடுவில் எட்டுச் சின்னக் கதவுகள் வைத்து, பாதியில் மூடி, எலியைக் காக்க வைத்துத் திறந்தார். அப்போதும் நல்ல எலிகள், மணிக்கணக்கில் காத்திருந்தால்கூட, விட்ட இடத்திலிருந்து சரியாகப் பிடித்துக்கொண்டன.

அதில் ஒரு வேடிக்கை. முதல் நாலு பலகைவரை எலி போன இடங்களை நினைவு வைக்கிறதாம். பாதி தாண்டியதும் அப்படியே மாற்றி, போகாமல் மிச்சமிருக்கிற இடங்களை நினைவு வைக்கிறதாம். பெரியவர் இதைக் கரும்பலகையில் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். வாளி எடுக்க வந்த அண்ணி வாசலில் நின்று கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “எந்தப் பக்கம் சுமை கம்மியோ அந்தப் பக்கத்தத் தூக்குது. இதுக்கு எதுக்குப் படம்?”

இப்படிச் சிரித்துக்கொண்டே போன நாட்களில்தான் அந்த வாரம் வந்தது.

திங்கட்கிழமை எலிகளுக்கெல்லாம் புத்தி பேதலித்துப் போயிற்று. முதல் எட்டு ஓட்டத்தில் ஏழோ எட்டோ சரியாகப் போகிற எலிகள் ஐந்தைத் தாண்டவில்லை. போன பலகைக்கே திரும்பப் போயின. நடுவில் நின்று மூக்கைத் தூக்கி விழித்தன. கெட்டிக்கார ஒன்பதாம் நம்பர்கூடத் தம்பி மாதிரி ஆகிவிட்டது. தபால்காரர் ஒருவர்தான் கவலையில்லாமல் இருந்தார். செவ்வாயும் அப்படி, புதனும் அப்படி. அந்தப் பெண்ணின் தாளில் கோடு போட இடமில்லை. மூன்று வருட உழைப்பு.

புதன் மத்தியானம் பெரியவர் அண்ணியைக் கூப்பிட்டார். நான் அவர் அறையில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னை அவர் கவனிக்கவில்லை. பெருக்குகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை, அது எங்களுக்கு வசதி.

“எலிக்கு ஒண்ணுமில்ல. குழியில உருண்டை போடுறதுலதான் ஏதோ குழப்பம். ஒண்ணுல ரெண்டு போடுறீங்க, ஒண்ணுல போடாம விட்டுடுறீங்க. எலிக்குக் குழி மேல நம்பிக்கையே போயிருச்சு.”

“எல்லாத்துலயும் போட்டேன் சார்.”

“நிச்சயமாச் சொல்ல முடியுமா?”

முப்பது வருடம் வெடுக்கென்று பதில் சொல்லியே பழகிய அண்ணி அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.

“உங்களுக்கும் வயசாகுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். சரியாகலன்னா கண்ணாடிச் சாமான் கழுவுற பக்கம் மாத்திடுறேன். அங்க ஞாபகம் தேவையில்ல” என்றார் பெரியவர். இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் அண்ணிக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு டம்ளர் கேட்டார். வீடு முழுக்க அங்கங்கே கவிழ்த்து வைத்தார். அலமாரி மேல், கட்டிலடியில், தண்ணீர்த் தொட்டி ஓரம். “நான் ஒவ்வொண்ணுக்கு அடியிலயும் ஒரு கடலை வைக்கிறேன். பாதியில நீ என்னக் கூப்பிட்டுக் கண்டதையும் பேசு. அப்புறம் விட்டுரு. எங்க வைக்கலைன்னு பாத்துச் சொல்லு.”

நாலு டம்ளர் ஆனதும் கூப்பிட்டேன். துணி சோப்பு பற்றியும் என் தங்கை மாமியாரைப் பற்றியும் பேசினேன். என் வீட்டுக்காரர் நடுவில் வந்தார்.

“என்னக்கா, எலி வேலை பத்தாதுன்னு எலியாவே ஆகிட்டீங்களா?”

“நீ ஏற்கெனவே ஆயிட்ட, வாய மூடு” என்றார் அண்ணி.

பிறகு மிச்சத்தை வைத்தார். நான் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு கடலை. ஒன்றில் ஒன்றுமில்லை.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். அண்ணி தரையில் உட்கார்ந்து அந்த இரண்டு கடலையையும் வாயில் போட்டு மென்றார்.

“எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது” என்றார்.

என் மாமியாரைக் கடைசி இரண்டு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். பெற்ற மகனையே பார்த்து, நீங்க யாரு, யாரப் பாக்கணும் என்று மரியாதையாகக் கேட்பார். அண்ணிக்கு எதைக் கண்டு பயம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேலை போவதுகூட அவருக்கு அப்புறம்தான்.

அடுத்த நாள் காலை நான் எலி அறையைப் பெருக்கப் போனேன். கதவைத் திறந்தால், எட்டுக்கால் மேசை நடுவில், செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணி நாலு காலில் நிற்கிறார். அண்ணி நல்ல கனமான உடம்பு. மேசை முனகிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாக ஒவ்வொரு பலகைப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று ராத்திரியே மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து, பெருக்குமாறைக் கீழே போட்டுவிட்டுக் கடவுளைக் கூப்பிட ஆரம்பித்தேன். என் சத்தம் கேட்டுப் பெரியவர் ஓடி வந்தார், பின்னாலேயே அந்தப் பெண்ணும்.

“என்னம்மா பண்றீங்க அங்க?”

“எலியா இருக்கேன் சார்.”

“இறங்குங்க முதல்ல!”

“ஒரு நிமிஷம் சார். எட்டுப் பலகையும் ஒரே மாதிரி இருக்கு. சுவரும் நாலு பக்கமும் ஒரே மாதிரி. எது எதுன்னு எனக்கே தெரியல. எலிக்கு எப்பிடித் தெரியும்?”

“அதுக்குத்தானே அந்தச் சுவத்துல கறுப்பு அட்டை ஒட்டியிருக்கு. அத வச்சுத்தான் எலி திசை தெரிஞ்சுக்குது.”

“எந்த அட்டை?”

“அதோ, உங்க எதிர்ல.”

“எனக்கு விளக்கு மூடிதான் தெரியுது சார். நீங்க உங்க உசரத்துக்கு ஒட்டியிருக்கீங்க. எலி உசரத்துக்கு வந்து பாருங்க.”

பெரியவர் நம்பவில்லை. அண்ணியை இறக்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்து, மேசைமேல் ஏறினார். நடுவில் குந்தித் தலையைத் தாழ்த்தினார். மேலே தொங்குகிற விளக்கின் மூடி அட்டையை அப்படியே மறைத்திருந்தது. எத்தனையோ வருடமாக எந்த எலியும் அந்த அட்டையைப் பார்த்ததே இல்லை. கண்ணாடி இல்லாததால்தான் தெரியவில்லையோ என்று அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டும் பார்த்தார். ஆராய்ச்சிப் பெண் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. இந்தத் தடவை அழுகை இல்லை.

“அப்ப இவ்வளவு நாளா எத வச்சுக் கண்டுபிடிச்சுது?” என்று அவர் மேசையில் குந்தியபடியே கேட்டார்.

அண்ணி கதவுப் பக்கச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு ஆணி. வெறும் ஆணி.

“என் மழைக்கோட்டு எங்க?” என்றார்.

இந்த இடத்தில் நான் என் தப்பைச் சொல்ல வேண்டும். அண்ணியின் பச்சை மழைக்கோட்டு பல வருடமாக அந்த ஆணியில்தான் தொங்கும். எலி மூத்திரமும் அழுக்கும் ஏறி, தானே நடந்துவிடும் போலிருந்தது. மழைக்காலம் முடிந்ததும், முந்தின வெள்ளிக்கிழமை நான் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் ஊறவைத்துத் துவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக் காட்டக்கூடாது என்பது என் கொள்கை. தடித்த துணி, காய ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும்.

“நான்தான் அண்ணி துவைச்சேன். கொடியில காயுது.”

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் என்னைக் கவனித்தது அந்த ஒருதடவைதான்.

“சொல்லியிருக்கலாமேடி!”

“நல்லது பண்ணினத எப்படிச் சொல்லுறது…”

“உன் புண்ணியத்துல தீய வைக்க” என்றார் அண்ணி. பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு, “தெனமும் வந்து போறேன், கோட்டு இல்லாதது எனக்குத் தெரியல. எலிக்குத் தெரிஞ்சிருக்கு பாரு” என்று சிரிக்க ஆரம்பித்தார்.

ஓடிப்போய் ஈரத்தோடு எடுத்து வந்தேன். மாட்டினோம். அன்றே ஒன்பதாம் நம்பர் எட்டுக்கு எட்டு. தம்பி அவன் அளவுக்கு ஆறு. பெரியவர் விடவில்லை. கோட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் பார்த்தார், பாதிக் காத்திருப்பில் இடம் மாற்றிப் பார்த்தார். எலிகள் கோட்டை நம்பித்தான் வழி பார்த்தன, கோட்டு திரும்பினால் அவையும் திரும்பின.

வெள்ளிக்கிழமை பெரியவர் அண்ணியைக் கூப்பிட்டு, “உங்க மேல தப்பில்ல. நீங்க இங்கயே இருங்க” என்றார்.

அண்ணி அத்தோடு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நானாக இருந்தால் ஓடியே வந்திருப்பேன்.

“கோட்டு மேல தப்பு சார், சரி. ஆனா நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல” என்றார். வீட்டில் டம்ளர் வைத்துப் பார்த்ததைச் சொன்னார். எட்டில் இரண்டு தப்பு என்றார். “அதனால என் தலைய நம்பாதீங்க. கைய நம்புங்க. இனிமே டப்பாவுலேருந்து ஒவ்வொண்ணா எடுத்துப் போட மாட்டேன். ஒரு மூடியில எட்டே எட்டு உருண்டை எண்ணி எடுத்துக்குவேன். கதவோரப் பலகையில ஆரம்பிச்சு, வரிசையா ஒரு சுத்து. மூடி காலியாகும்போது சுத்தும் முடியணும். முடியலன்னா எங்கயோ தப்பு, முதல்லேருந்து பாப்பேன். எதையும் ஞாபகம் வைக்க வேண்டியதில்ல.”

“இத எப்படி யோசிச்சீங்க?”

“தபால்காரர்கிட்ட கத்துக்கிட்டேன்.”

பெரியவருக்குத் தபால்காரர் யாரென்று தெரியாது. ஏதோ படித்த தபால்காரர் என்று நினைத்திருப்பார். தலையாட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அநியாயம். கோட்டு சோதனைக் கருவியாகிவிட்டது. அதன் காலரில் நம்பர் ஒட்டி, எடுக்கக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். மறு மழைக்காலத்தில், கொட்டுகிற மழையில், தன் சொந்தக் கோட்டு உள்ளே நனையாமல் தொங்க, அண்ணி தீனி மூட்டைச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கட்டுரை அச்சாகி வந்தபோது அந்தப் பெண் எடுத்துவந்து படித்துக் காட்டினாள். கதவுச் சுவரில் ஒரு பச்சை மழைக்கோட்டு என்று மூன்று இடத்தில் வந்தது. அண்ணி பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

“உங்க பேரப் போடச் சொல்லிச் சண்டையே போட்டேன் அக்கா” என்றாள் அந்தப் பெண், கண் கலங்க.

“கோட்டுக்குள்ள இருந்தது நான்தானே, விடு” என்றார் அண்ணி.

மூடி வைத்துத்தான் இன்னும் இரண்டு வருடம் வேலை பார்த்தார். அந்த இரண்டு வருடத்தில் ஒரு குழிகூடத் தப்பவில்லை. எலி அறைக்கு வெளியேதான் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. அடுப்பை அணைத்தாரா என்று பாதி வழியில் திரும்புவார். என்னை அவர் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், உடனே நாக்கைக் கடித்துக்கொள்வார். அவர் கூப்பிட்டதற்கெல்லாம் நான் என்ன அண்ணி என்று கேட்டுக்கொண்டு போவேன், எந்தப் பெயராக இருந்தால் என்ன. ஓய்வு பெற்ற பிறகு தூரத்து நகரத்திலிருந்து அவர் மகள் வந்து, தனியாக இருக்கவேண்டாம் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

பேருந்து நிலையத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவர் தண்ணீர் வாங்கப் போய், எதற்குப் போனோம் என்று மறந்து செய்தித்தாளோடு வந்தார். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் கீழே நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உங்களுக்காகத் தினமும் கடவுள்கிட்டக் கேட்டுக்கிறேன் என்றேன். அடுத்த வருடம் வந்து பார்ப்பதாகவும் சொன்னேன். போக முடியவில்லை, அதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது. வண்டி கிளம்பப்போகும்போது அண்ணி குனிந்து, தன் தம்பிக்குக் கேட்காமல், என்னிடம் மட்டும் சொன்னார்:

“நீ வர்றப்ப எனக்கு உன்னத் தெரியாமப் போனாலும் போகும். வாசல்ல நின்னு அழுதுகிட்டு நான்தான் நான்தான்னு விளக்கம் சொல்லிட்டிருக்காத. நேரா உள்ள வந்து பசிக்குதுன்னு சொல்லு. மொதல்ல சோறு போட்டுட்டு, அப்புறம் கேக்குறேன் நீ யாருன்னு.”